தாலிபு கொட்டிய கொட்டு

ஆயிரத்து அறுநூற்று இருபத்தொன்றாம் வருஷம் உலகத்துக்கே கிறுக்குப் பிடித்திருந்தது. பிராகா நகரத்தில் ராஜாவை எதிர்த்த பிரபுக்களின் தலைகளை வெட்டிப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். ஒல்லாந்தரும் ஸ்பானியரும் பன்னிரண்டு வருஷமாக ஓய்த்து வைத்திருந்த சண்டையை மறுபடி தொடங்கினார்கள். துருக்கி சுல்தான் பெரும்படை திரட்டிக்கொண்டு போலந்துக்காரனை அடக்கப் போய் ஒன்றும் கிழிக்காமல் திரும்பினார். இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், புத்தகத்தில் ஏறிவிடும். ஆனால் இவர்கள் எல்லாருடைய அடுப்படியிலும் ஜாதிக்காய் இருந்தது. அது அன்றைக்குக் கிழக்குக் கடலில் இருக்கிற எங்கள் பாண்டாத் தீவுகளை விட்டால் வேறெங்கும் காய்க்கவில்லை. வெள்ளைக்காரன் தன் இறைச்சிக் குழம்பு கமகமக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மேற்குக் காற்று ஓயப்போகிற சமயம். லேவார் ஊர்க்காரி ஜெனாபு தன் ஒரே மகள் மெலாத்தியோடு பெரிய தீவின் மலைமேல் கனாரி மரங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தாள். கீழே ஊர் சாம்பலாகிக் கிடந்தது. புருஷன் தாலிபு பிடிபட்டுவிட்டான். இருக்கிறானா போய்விட்டானா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

லேவார் விழுந்த கதை நீளமானதல்ல. ஒல்லாந்தர் கப்பல்கள் முன்பக்கத்துக் கடலில் நின்று பீரங்கி போட்டன. ஆண்கள் எல்லாரும் முன்பக்க மதிலுக்கு ஓடினார்கள். பின்பக்கத்துச் செங்குத்துப் பாறையை ஆடுகூட ஏறாது என்பது ஊரின் நம்பிக்கை. ஆடு ஏறாததைக் கூலிக்கு வந்த ஜப்பான்காரர்கள் ஏறினார்கள். இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாளை அவர்கள் வீசிய வீச்சில், மதிலில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். பள்ளிவாசல் வாசலில் தொழுகை நடத்துகிற லெபேயை இரண்டு துண்டாக்கினார்கள். கிணற்றடியில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போனவனை அவளுடைய மாமியார் கொதிக்கிற சாகோப் பனைமாவுக் கஞ்சியை முகத்தில் ஊற்றி அலற வைத்தாள். அடுத்த கணம் அந்த மாமியார் தலை கிணற்றுக்குள் விழுந்தது.

ஜெனாபு வீட்டுக்குள் ஒருவன் நுழைந்தான். மெலாத்தி பரணில் இருந்தாள். அவன் மேலே பார்த்தான். சாகோ இடிக்கிற உலக்கை ஜெனாபுவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் சாய்ந்திருந்தது. எடுத்து அவன் பிடரியில் போட்டாள். விழுந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள், அவன் அசைவது நின்ற பிறகும் கை நிற்கவில்லை. மகள் பரணிலிருந்து இறங்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உலக்கையைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கையால் எடுத்த சாப்பாடு அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. கை தன்னுடையதாகவே தெரியவில்லை என்பாள்.

கொல்லைப்புறமாக ஓடும்போது கடற்கரையில் தாலிபுவைக் கடைசியாகப் பார்த்தாள். ஊரின் போர்ப்படகு, கொரகொரா என்போமே, அதைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தான். படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து கொட்டு அடிப்பவன் அவன்தான். படகை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. கொட்டுக்காரனுக்குப் படகுதான் முதல் பெண்டாட்டி என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி அன்றைக்கு நிஜமாகிப்போனதில் ஜெனாபுவுக்குப் புருஷன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படகைச் சுற்றி ஒல்லாந்தர்கள் மொய்த்ததைப் பார்த்ததும் அந்த ஆத்திரமும் போனது, மகளை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடினாள்.

மலைமேல் இருந்தவர்கள் பெரும்பாலும் அவள் பிறந்த ஊரான சம்பர்க்காரர்கள். எங்கள் தீவுகளில் ஊர்கள் இரண்டு கட்சி. ஐந்தூர்க்காரர்கள், ஒன்பதூர்க்காரர்கள். லேவார் ஐந்து, சம்பர் ஒன்பது. எதற்கு இந்தப் பகை என்று கேட்டால் ஒருவனுக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, வெட்டு மட்டும் ஒழுங்காக வெட்டிக்கொள்வோம். அப்படி ஒரு வெட்டுக்குத்து ஓய்ந்த பிறகு, இனி சமாதானம் என்று பெண் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவள் ஜெனாபு. இப்போது லேவாரிலிருந்து தப்பிய நாலைந்து குடும்பத்தோடு அவள் பிறந்த வீட்டாரிடமே அடைக்கலம் வந்திருந்தாள்.

அங்கே சொல் அவள் அண்ணன் சபானுடையது. அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். பெரியவர்கள் எல்லாரும் ஒல்லாந்தரோடு சமாதானம் பேசுகிறோம் என்று இறங்கிப்போய்த் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தவர்களில் மூத்தவன் அவன். தங்கை வந்து நின்ற அன்றைக்கே குத்திக்காட்டிவிட்டான்.

“ஐந்தூர்க்காரன் சோறு தின்னவளுக்கு இப்பத்தான் பொறந்த வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்.”

“வாசல் எங்க காக்கா இருக்கு? உங்க வீடும்தான் எரிஞ்சுபோச்சு.”

சபானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெலாத்திக்கு இரண்டு கனாரிக்கொட்டை உடைத்துக் கொடுத்தான். பிறகு படகைப் பற்றிச் சொன்னான். தீவின் பின்பக்கத்தில், பாறைக்குகை ஒன்றில் ஒரு படகை மறைத்து வைத்திருக்கிறார்கள். காற்று திரும்புவதற்குள் அதில் ஏறிக் கிழக்கே இருக்கிற கெய் தீவுகளுக்குப் போய்விட வேண்டும். காற்று திரும்பிவிட்டால் மலையிலேயே கிடந்து பட்டினியில் சாக வேண்டியதுதான். ஆனால் படகில் மலைமேல் இருப்பவர்களில் பாதிப் பேர்தான் கொள்வார்கள். யார் அந்தப் பாதி என்பதைச் சபான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் சொல்லாததால் எல்லாரும் அவனிடம் தேனாகப் பேசினார்கள். லேவார்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள். ஜெனாபு மட்டும் பேசவில்லை. மகளைப் படகில் ஏற்றிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அதைக்கூட அண்ணனிடம் கேட்க நா எழவில்லை.

ஒருநாள் விடிகிற நேரம். மலையடிவாரம் முழுக்க மூடுபனி. கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் வந்தது.

முதலில் எழுந்து உட்கார்ந்தது மெலாத்தி. தாலிபு மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் கொட்டுவான். அவளுடைய முதுகுக்கே அந்தக் கை பழக்கம். “உம்மா, வாப்பா” என்றாள். ஜெனாபுவுக்கும் தெரிந்துவிட்டது. தாலிபுவின் இடது சுண்டுவிரல் ஒருமுறை படகுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டி நசுங்கியது. அதிலிருந்து அவன் இடது கை ஒரு மயிரிழை தாமதமாகத்தான் தோலில் விழும். கேட்டுப் பழகினவர்களுக்கு அந்த நொண்டல் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் என்ன கொட்டுகிறான் என்று கேட்டாள்.

மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம்.

ஐந்தூர்களில் அந்தக் கொட்டுக்கு ஒரே அர்த்தம்தான். படகில் கொள்ளைநோய், கிட்ட வராதே. பெற்ற தாயாக இருந்தாலும் அந்தக் கொட்டைக் கேட்டால் கரைக்குப் போகமாட்டாள். ஆனால் ஒன்பதூர்களில் அதே மூன்று அடிக்கு வேறு அர்த்தம். பிணம் கொண்டுவந்திருக்கிறோம், தூக்க வாருங்கள். அதைக் கேட்டும் போகாமல் இருப்பவன் ஒன்பதூரில் மனுஷனே இல்லை. ஒல்லாந்தன் ஜனத்தைக் கூப்பிடச் சொல்லி உட்கார வைத்திருப்பான், மலைமேல் இருப்பது தன் ஊர் ஜனம் என்று நினைத்துத் தாலிபு வராதே என்று கொட்டுகிறான். அவன் ஊர் ஜனத்தில் பாதி கிணற்றில் கிடக்கிறது, மலையெல்லாம் சம்பர்க்காரர்கள் என்று அவனுக்கு யார் சொல்வது?

அதற்குள் சபானின் ஆட்கள் மூங்கில் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சமாதானம் பேசப்போன பெரியவர்களின் உடல்களைத்தான் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் நிச்சயம். சபானின் மூத்த மகன் இத்ரூஸ் பாடை கட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூடக் கழியாதவன். ஜெனாபு ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

“காக்கா, யாரையும் அனுப்பாதீங்க. அது லேவார்க் கொட்டு. கிட்ட வராதேன்னு சொல்றாரு.”

“எனக்கே கொட்டு சொல்லித் தர்றியா? பொணம் வந்திருக்குன்னு அடிக்கிறான்.”

“உங்க ஊர்ல அது பொணம். எங்க ஊர்ல அது கொள்ளைநோய்.”

“எங்க ஊரு.” சபான் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். “கேட்டீங்களாடா, எங்க ஊராம். சம்பர்க்காரன் பொணத்த நாய் தின்னட்டும்னு சொல்றா என் கூடப்பொறந்தவ.”

அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதறினான். விடவில்லை. கன்னத்தில் அறைந்தான். லேவார்த் துடுப்புக்காரன் மன்சூர் என்று ஒருவன் அங்கே இருந்தான், தாலிபுவின் கொட்டுக்கு வருஷக்கணக்காகத் துடுப்புப் போட்டவன். அவனும் அது எச்சரிக்கைக் கொட்டுதான் என்று சொல்லிப் பார்த்தான். படகில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் மெதுவாகச் சொன்னான், அதனால் எடுபடவில்லை. இத்ரூஸ்தான் அத்தைக்காரியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

“பயப்படாதீங்க மாமி. உங்க வீட்டுக்காரர் பொணமும் அங்க இருந்தா நானே தோள்ல போட்டுத் தூக்கிட்டு வர்றேன்.”

கேலிதான், ஆனால் பிரியமாகச் சொன்னான். பாடைகளைத் தூக்கிக்கொண்டு இளவட்டங்கள் இறங்கினார்கள். பிணத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்று பெண்களும் குடுக்கையோடு பின்னாலேயே போனார்கள். பிணம் எடுக்கப் போகிறவன் ஆயுதம் தூக்கக்கூடாது என்பது வழக்கம். அரிவாள்களை எல்லாம் மலைமேலேயே ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கம் பார்த்தே செத்த ஜனம் நாங்கள்.

அவர்கள் மணலை மிதித்த நேரத்தில் மூடுபனி விலகியது. மலைமேலிருந்து எல்லாம் தெரிந்தது. கரையோரத்துத் தண்ணீரில் லேவார்க் கொரகொரா நின்றது. முன்பக்கத்தில் தாலிபு உட்கார்ந்திருந்தான். பிணம் ஒன்றும் இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடி படகுகளுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. பாடை தூக்கினவர்கள் பாடையோடு விழுந்தார்கள். விழாதவர்களை வாள்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லாதவனை வெட்டுவதற்கு அவ்வளவு பேர் தேவையே இல்லை, இருந்தாலும் முறைவைத்து வெட்டினார்கள். ஒரு பெண் குடுக்கையால் ஒருவன் மண்டையில் அடித்தாள். அவள் கை குடுக்கையோடு தனியாகப் போய் விழுந்தது. இத்ரூஸ் ஒரு பாடைமூங்கிலை உருவி ஒருவன் தொண்டையில் குத்தினான், இன்னொருவன் பல்லை உடைத்தான். மூன்றாமவன் பின்னாலிருந்து அவன் இரண்டு முழங்காலையும் சேர்த்து வெட்டினான். அவன் கையை ஊன்றி மலைப்பக்கம் ஊர்ந்து வந்தான். ஊர்ந்து வரட்டும் என்று விட்டுவைத்து, சிரித்துக்கொண்டே கூட நடந்து வந்து, சலித்த பிறகு கழுத்தை வெட்டினார்கள். மணல் நனைந்து கறுத்தது. ஓடித் திரும்பி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

சபான் அடுக்கி வைத்திருந்த அரிவாள்களில் ஒன்றை எடுத்தான். கீழே போகவில்லை, தங்கையை நோக்கி வந்தான்.

“உன் புருஷன்தான் கூப்பிட்டுக் கொன்னான்.”

ஜெனாபு நகரவில்லை. மெலாத்தியை மட்டும் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

“வெட்டுங்க காக்கா. வெட்டுறதுக்கு முன்னால அந்தக் கொட்டக் கேளுங்க. உங்க ஆளுங்க செத்தப்புறமும் அதேதான் அடிக்கிறாரு. முன்னைவிட வேகமா அடிக்கிறாரு. போ, போன்னு கதறுறாரு, உங்க காதுல அது வா, வான்னு விழுது.”

சபான் நின்றான். உண்மைதான், கொட்டு நிற்கவே இல்லை. மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம் என்று பித்துப்பிடித்தவன்போல அடித்துக்கொண்டிருந்தான் தாலிபு. தன் எச்சரிக்கையைக் கேட்டு இத்தனை பேர் ஏன் ஓடி வந்து செத்தார்கள் என்று அந்த மனுஷனுக்கு அப்போது என்னதான் புரிந்திருக்குமோ. சபான் அரிவாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். மகன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஐந்தும் ஒன்பதும் நாசமாய்ப் போகட்டும், எவன்டா இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிறகு கொட்டு நின்றது.

ஒல்லாந்தர்களுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஓடிய ஜனம் இனி இறங்காது, இந்தக் கொட்டு போதாது என்று. கீழே படகில் நாலு பேர் தாலிபுவைச் சூழ்ந்து குனிவது தெரிந்தது. அலறல் வந்தது. ஜெனாபு அந்த அலறலை அதுவரை கேட்டதில்லை. பிரசவ வீட்டில்கூட ஒரு உடம்பிலிருந்து அப்படிச் சத்தம் வந்து அவள் கேட்டதில்லை. மகளின் காதுகளைப் பொத்தினாள், தன் காதைப் பொத்தக் கை இல்லை. அலறல் ஓய்ந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி ஓய்ந்தது. வெயில் ஏறியது. அதற்குள் கொரகொராவில் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பிடிபட்ட லேவார்ப் பெண்கள், குழந்தைகள். லேவாரின் சிவப்புக் கொடியைப் பாய்மரத்தில் ஏற்றினார்கள். துப்பாக்கிக்காரர்கள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. பிணங்களின்மேல் தென்னையோலை போட்டு மூடியாகிவிட்டது.

கொட்டு மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் பொதுவான கொட்டு. படகு நல்லபடியாக வந்தது, பயமில்லை, எல்லாரும் வந்து ஏறுங்கள் என்கிற வீடுதிரும்பும் கொட்டு. குழந்தைக்கும் தெரிந்த கொட்டு அது. தடுமாறி, இழுத்து இழுத்து வந்தது. ஆனால் இடது கை ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது.

அவனேதான். உடைந்துபோய்விட்டான். எச்சரித்த அதே கையால் கூப்பிடுகிறான்.

மலைமேல் ஆட்கள் எழுந்தார்கள். இவ்வளவு பார்த்தும் எழுந்தார்களா என்று இன்றைக்கு வயிறு நிறைந்து உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கலாம். பட்டினி அப்படி, பயம் அப்படி. கீழே நிற்பது ஐம்பது துடுப்புப் படகு. குகையில் இருப்பதோ பாதிப் பேருக்கான படகு. அந்த இன்னொரு பாதியில் தான்தான் இருப்போம் என்று ஒவ்வொருவனுக்கும் உள்ளுக்குள் தெரியும். காலையில் தவறு நடந்தது தவறான கொட்டால், இப்போது சரியான கொட்டு கேட்கிறது என்று ஒருவன் சொன்னான். ஒல்லாந்தன் கப்பலுக்குத் திரும்பிவிட்டான், நம் பெண்கள் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள் பார் என்று இன்னொருத்தி சொன்னாள். துடுப்புக்காரன் மன்சூரே எழுந்துவிட்டான். “இது தாலிபு கைதான், நான் கேட்காத கையா” என்றான். அந்தப் பேச்சுதான் எல்லாரையும் அசைத்தது. சபான் தடுக்கவில்லை. மகன் செத்த மனுஷன், அவனுக்கு எதுவும் பொருட்டாக இல்லை. போறவன் போகட்டும் என்று கையை விரித்தான். மெலாத்தி தாயின் பிடியிலிருந்து திமிறினாள். “வாப்பா கூப்பிடறாரு, விடுங்க உம்மா” என்றாள்.

ஜெனாபு என்ன சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பேச்சுக்கு அங்கே மதிப்பு தீர்ந்துவிட்டது. அவளிடம் மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

எங்கள் பெண்களிடம் ஒப்பாரி வேண்டாம், மார்க்கத்துக்கு ஆகாது என்று லெபேமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தோற்றிருக்கிறார்கள். செத்தவனுக்கு அவன் பெண்டாட்டி முடியை அவிழ்த்துப் போட்டு, பெயர் சொல்லி அழ வேண்டும். அதுவரை புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அன்றைக்குத்தான் சொல்வாள். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு ஒருத்தி அப்படி அழுதால் அவன் அன்றைக்கே செத்துப்போவான் என்பது எங்கள் நம்பிக்கை. சண்டையில்கூட, குடித்துவிட்டு அடிக்கிறவன்மேல் வெறுப்பில்கூட, எவளும் அதைச் செய்ததில்லை. ஆகையால் ஒரு பெண்டாட்டியின் ஒப்பாரியை எங்கள் ஜனம் எதிர்க்கேள்வி கேட்காது.

ஜெனாபு பாறைமேல் ஏறினாள். கூந்தலை அவிழ்த்தாள். மார்பில் அறைந்துகொண்டாள்.

“தாலிபு, என் தாலிபு, மண்ணு தின்னப் போனியே. கொட்டுத்தோலு காயும் முன்னே கைகாய்ஞ்சு கிடந்தியே. உன் கொட்ட எவனோ கொட்டுறானே, உன் பேர எவனோ திருடுறானே, நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேனே.”

இறங்க ஆரம்பித்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவளுக்குத் தன் குரல் தனக்கே கேட்டது, எவளோ அழுவதுபோல. ஒவ்வொரு தடவை பெயர் சொல்லும்போதும் அவன் கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தது. இடையிடையே அந்த நொண்டிக் கை வந்து காதில் விழுந்தது, வா, வா என்று. அவளுக்குப் போகவேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும், வெட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. அழுகையை இன்னும் உயர்த்தினாள்.

மன்சூர் வாய் திறந்தான், மூடிக்கொண்டான். சபான் எழுந்து பக்கத்தில் வந்தான்.

“நெசமாத்தான் சொல்றியா? அந்தக் கை அவன் கை இல்லையா?”

“காலையிலயே கொன்னுட்டாங்க காக்கா. அலறுனது அதுதான். இது வேற எவனோ. எம்மேல ஆணை, எம்பொண்ணு மேல ஆணை.”

மகள்மேல் ஆணை வைத்ததும் சபான் திரும்பி எல்லாரையும் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தார்கள். பெண்கள் வந்து ஜெனாபுவைச் சூழ்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுதார்கள். காலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பிள்ளைக்கும் சேர்த்து அழுதார்கள். மலையே அழுதது. அந்தச் சத்தம் கீழே கட்டாயம் கேட்டிருக்கும். அதில் தன் பெயரும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

கொட்டு கொஞ்ச நேரம் தொடர்ந்தது. பிறகு மெலிந்தது. ஓர் அடிக்கும் இன்னோர் அடிக்கும் நடுவில் நின்றுபோனது. கீழே படகில் உட்கார வைத்த பெண்கள் கூச்சலிட்டார்கள். யாரோ ஒருவனின் உடலைத் தலைகீழாகப் பாய்மரத்தில் ஏற்றினார்கள். ஜெனாபு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏமாந்த ஆத்திரத்தில் கப்பல்கள் மலையைப் பார்த்துப் பீரங்கி போட்டன. கனாரி மரங்கள் முறிந்து விழுந்து இரண்டு பேரை நசுக்கின. ஆனால் பின்பக்கத்தில் காவல் சுற்றிக்கொண்டிருந்த கப்பலும் முன்பக்கம் வந்துவிட்டது. சபானுக்கு அது போதும். எல்லாரையும் எழுப்பிக் குகைக்கு இறக்கினான்.

படகில் ஏறும்போதுதான் ஒன்று எல்லாருக்கும் புரிந்தது. யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. காலையில் போனவர்கள் போக மிச்சம் பேருக்கு இடம் தாராளமாக இருந்தது. காலை நீட்டி உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லை, ஒடுங்கியே உட்கார்ந்தார்கள்.

காற்று இன்னும் திரும்பவில்லை. தீவு சின்னதாகிப் புகையாகத் தெரிந்தது. சபான் சுக்கானைப் பிடித்திருந்தான். தாலிபுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஐந்தூரில் ஒரு ஆம்பளை இருந்தான் என்றால் அவன்தான் என்றான். சாகிறவரைக்கும் வராதே என்றுதான் கொட்டினான், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, கெய் தீவில் பிறக்கிற முதல் பையனுக்கு அவன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றான். எல்லாரும் ஆமோதித்தார்கள். மன்சூர் மட்டும் துடுப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். இத்தனை வருஷம் அந்தக் கைக்குத் துடுப்புப் போட்டிருக்கிறேன், அந்த இடது கை, என்று ஏதோ சொன்னான். முணுமுணுப்பு படகு முழுக்கக் கேட்டது.

துடுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் ஜெனாபுவைப் பார்த்தார்கள். அது அவன் கைதான் என்றால் தாலிபு தன் ஜனத்தைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவன், அவள் உயிரோடிருந்த புருஷனை அழுது கொன்றவள். அப்படிப்பட்டவளைப் படகில் வைத்துக்கொண்டு கடல் தாண்ட எங்கள் ஜனம் துணியாது. ஆணையும் வைத்தாகிவிட்டது, அழுதும் ஆகிவிட்டது, இனி சொல்ல என்ன இருக்கிறது? சபான் அவளைக் கேட்கவும் இல்லை. குனிந்து மெலாத்தியைக் கேட்டான். அப்பன் மடியில் உட்கார்ந்து கேட்டுப் பழகின பிள்ளை, அதற்குத் தெரியாமல் போகாது.

“நீ சொல்லு புள்ள. கடைசியா கேட்டோமே, அது உங்க வாப்பா கைதானே?”

மெலாத்தி தாயைப் பார்க்கவில்லை. தீவு இருந்த பக்கம் பார்த்தாள். அழுது அழுது வீங்கின முகம்.

“இல்ல மாமா. எங்க வாப்பா மூணு அடிதான் அடிச்சாரு. அப்புறம் அடிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது.”

சபான் மன்சூரை முறைத்தான். மன்சூர் தலையைக் குனிந்துகொண்டான். துடுப்புகள் மறுபடி தண்ணீரில் விழுந்தன.

ஜெனாபு மகளை இழுத்து மடியில் கிடத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இப்போதுதான் நிஜமாக அழுகை வந்தது, அவன் இல்லை என்று இப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒரு புருஷனுக்கு ஒரு தடவைதான் அழலாம். அதை அவள் அவன் உயிரோடு இருக்கும்போதே அழுது தீர்த்துவிட்டாள்.